மடிக்க இரண்டு பேர்

பெரிய படுக்கை விரிப்பை ஒரே ஆளாக மடிக்க முடியாது என்பது என் மனைவியின் கட்சி. முடியும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"எங்க, செஞ்சு காட்டுங்க," என்றாள்.

செய்து காட்டினேன். சுற்றிவந்து பார்த்தாள்.

"மடிச்ச மாதிரி இல்ல. சண்டை போட்டுக் கீழ தள்ளின மாதிரி இருக்கு."

அன்றோடு அந்த வேலை அவளுக்கும் எங்கள் மகளுக்கும் என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மாடிக்குப் போவார்கள். கொடியிலிருந்து விரிப்பை உருவி, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்பார்கள். ஓர் உதறு. நீளவாக்கில் ஒரு மடிப்பு. பிறகு என் மனைவி தன் பக்கத்து முனைகளைத் தூக்கிக்கொண்டு மகளை நோக்கி நடந்து வருவாள். முனைகளைக் கையில் கொடுக்கும்போது மகளின் நெற்றியில் தன் நெற்றியால் லேசாக ஒரு முட்டு. மகள் சிரிப்பாள். அம்மா குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி வருவாள். மறுபடி முட்டு. துணி சிறுத்துக்கொண்டே வர, நடக்கிற தூரமும் குறையும். கடைசியில் தலையணை அளவுத் துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூக்கோடு மூக்கு நிற்பார்கள்.

இதில் கிளிப்புகளுக்கும் ஒரு பங்கு உண்டு. கொடியிலிருந்து எடுத்த கிளிப்புகளை என் மனைவி உதட்டில் கவ்விக்கொள்வாள். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது வேறு எங்கே வைப்பது? பேருந்து நிலையத்தில் முன்பதிவு கவுன்ட்டரில் வேலை பார்த்தவள் அவள். எதிரில் நிற்கிறவர் வாயைத் திறப்பதற்குள் எந்த ஊர், எந்த வண்டி, ஜன்னலோரமா என்று அவளே சொல்லிவிடுவாள். வரிசை நகர வேண்டுமே. அந்தப் பழக்கம் வீட்டிலும் இருந்தது.

எங்கள் மகளோ பேச்சைத் தாமதமாகக் கிளப்புகிறவள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. எழுத்துகள் அவளிடம் தங்குவதில்லை. இன்று பழகிய எழுத்து நாளைக்கு யாரோ போல நிற்கும். கடிகாரம் பார்க்க வராது. ஒரு வேலையைப் பல தடவை காட்ட வேண்டும், பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். எதைச் சொல்ல வந்தாலும் "அப்புறம்" என்று ஆரம்பித்துவிட்டு நிற்பாள். மீதி உள்ளே எங்கேயோ செருப்புப் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் வீட்டில் அவள் பெயரே அப்புறம் என்று ஆகிவிட்டது. அடுத்த சொல் வருவதற்குள் என் மனைவி வாக்கியத்தை முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் முடிப்பாள். ஆனால் வாயில் கிளிப் இருந்தால் முடிக்க முடியாது. ஆகவே மாடியில் மட்டும் அப்புறம் முழுசாகப் பேசுவாள். நான் கீழே சமையலறை ஜன்னலருகே நின்று அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பூனை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டுக்காரன், இன்னும் என்னென்னவோ.

சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பள்ளி ஆசிரியை என எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம், இந்தப் பெண்ணுக்கு மடிப்பது என்றால் உயிர் என்பது. விருந்தாளிகள் வந்தால் மடித்துக் காட்டச் சொல்வார்கள். இஸ்திரி போட்ட மாதிரி மடிப்பாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் என் மனைவி இறந்துபோனாள். நுரையீரல். ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவள் அவள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் விரிப்புகளை யாரும் மடிக்கவில்லை. நான் கொடியிலிருந்து உருவி, சுருட்டி, அலமாரிக்குள் திணித்து, அவை வெளியே விழுவதற்குள் கதவைச் சாத்துவேன். மகள் மாடிக்கு வருவதில்லை. நானும் கூப்பிடவில்லை.

துக்கத்துக்கு வந்த என் அக்கா திரும்பிப் போகவில்லை. விடுதிக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாளே தவிர, குரல் இன்னும் பணியில்தான் இருந்தது. காலையில் எழுந்ததும் என்னையும் மகளையும் வரிசையில் நிற்கவைத்து எண்ணாத குறை.

அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளியில் அது மகளுக்குக் கடைசி வருடம். பள்ளி முடிந்து பிள்ளைகள் என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்க்க, ஆளுக்கொரு இடத்தில் வாரம் ஒருநாள் வேலை பழக அனுப்புவார்கள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "லாண்டரியில கேட்டிருக்கேன் சார். உங்க பொண்ணு கைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

லாண்டரி, கடைத்தெருவின் பின்புறம் நீளமான ஒரு கூடம். ஒரு பக்கம் வட்டக் கண்ணாடி போட்ட இயந்திரங்கள். நடுவில் ஈரத் துணியை விழுங்கிச் சூடாக வெளியே தள்ளும் உருளை. கடைசியில் மடிக்கும் மேஜை. அறையெங்கும் சோப்பும் சூட்டுத் துணியும் கலந்த வாடை. மேஜையில் ஒரு பலகை உண்டு. துணியை அதன்மேல் விரித்து, பலகையைத் திருப்பினால் பாதி மடிந்துவிடும். ஒரே ஆள் போதும். அப்புறம் அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். முதலாளியம்மாவுக்கு ஒரே ஆனந்தம்.

"விளிம்பு விலகலையே சார், ஒரு நூல் விலகல! எங்க ஆளுங்களுக்கு இவளைக் காட்டி வகுப்பு எடுக்கலாம் போல."

சில வாரம் நன்றாகப் போனது. பிறகு லாண்டரிக்குப் போகும் நாளில் காலையில் மகளுக்கு வயிறு வலித்தது. மற்ற நாட்களில் வலிக்கவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்தார், எதுவும் இல்லை என்றார். அம்மாவை நினைத்து ஏங்குகிறாள் என்று நான் நினைத்தேன். வேலை அதிகம் என்று அக்கா முடிவு கட்டினாள்.

"என்ன அப்புறம், என்னடி பண்ணுது?" என்று கேட்பாள்.

"அப்புறம்..." என்பாள் மகள்.

"கால் கடுக்குதா? சூடு தாங்கலையா? யாராவது திட்டினாங்களா?" என்று அக்கா அடுக்கிக்கொண்டே போவாள். மகள் தலையை ஆட்டுவாள். எதற்கு ஆட்டினாள் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அக்கா என்னிடம் சொன்னாள். மகள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நான் ஊருக்குக் கிளம்பறேன். குழந்தையையும் கூட்டிட்டுப் போறேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாளைக்கு என்ன நாளைக்கு? என்கூட இருக்கட்டும். வேலையும் வேணாம், வயித்து வலியும் வேணாம். நான் சோறு போடமாட்டேனா?"

"சோறு நானும்தானே போடறேன் அக்கா."

"நீ கண்ணாடிக் கடையில உக்காந்து ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கற. உன் வீட்டுல நடக்கறது உனக்குத் தெரியுதா? காலையில போனா ராத்திரி வர்ற. இவ பாட்டுக்குத் தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருக்கா."

அக்கா பாசத்தில்தான் சொன்னாள். அவள் சொன்னதில் பாதி உண்மையும்கூட. ஆனால் மகள் போனால் அந்த வீட்டில் நானும் விரிப்புகளும்தான். மாத இறுதியில் பள்ளியில் கூட்டம் இருந்தது. அதில் பேசி முடிவெடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். இந்தப் பேச்சில் அப்புறத்திடம் நாங்கள் இருவருமே எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். கடைசி வருடப் பிள்ளைகளுக்கான கூட்டத்தில் தலைமை நாற்காலியில் பிள்ளைதான் உட்காரும். அதன் முன்னால் ஒரு தண்ணீர்க் கூஜாவும் டம்ளர்களும். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு வேறு யார் பதில் சொன்னாலும், அவர் எழுந்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆசிரியை கண்டுபிடித்த ஏற்பாடு. எங்களை உட்காரவைத்து முதலிலேயே சொல்லிவிட்டார். அக்கா, "நல்லாத்தான் இருக்கு," என்று சிரித்தாள்.

மேஜையைச் சுற்றி ஆசிரியை, முதலாளியம்மா, அக்கா, நான். தலைமை நாற்காலியில் அப்புறம், இரண்டு பின்னல் போட்டு, கைகளை மேஜைக்கு மேல் வைத்துக்கொண்டு.

"லாண்டரி வேலை எப்படிப் போகுதும்மா?" என்றார் ஆசிரியை.

"அப்புறம்..."

"எங்க போகுது? வயித்து வலியில போகுது," என்றாள் அக்கா.

ஆசிரியை கூஜாவைப் பார்த்தார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். எல்லோருக்கும் ஊற்றினாள். குடித்தோம்.

"மறுபடி கேக்கறேன். லாண்டரியில எப்படி இருக்கு?"

"அப்புறம்..."

"தங்கமான பொண்ணு மேடம், மடிக்கறதுல இவளை அடிச்சுக்க..." முதலாளியம்மா பாதியில் நிறுத்தினார். அவரும் எழுந்தார். மறுபடி குடித்தோம்.

"இப்படியே போனா எல்லாருக்கும் வயித்து வலிதான்," என்று அக்கா முணுமுணுத்தாள்.

என் சட்டைப்பையில் காலையில் துணி எடுக்கும்போது போட்ட கிளிப் ஒன்று கிடந்தது. அதை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மகள் உதட்டைத் திறந்தாள், மூடினாள். வரும், வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை நேரம் அவளுக்காகக் காத்திருந்தது எனக்கே புதிது.

"எனக்கு மடிக்கப் பிடிக்காது," என்றாள்.



"என்னடி சொல்ற! சின்ன வயசுலேர்ந்து..." என்று அக்கா ஆரம்பித்து, தானே கூஜாவை எடுத்தாள். அதில் தண்ணீர் தீர்ந்திருந்தது. வெறும் கூஜாவோடு உட்கார்ந்தாள்.

ஆசிரியை மெதுவாகக் கேட்டார்: "எப்பவுமே பிடிக்காதா?"

இந்தத் தடவை அதிக நேரம் ஆகவில்லை.

"அம்மா கூட பிடிக்கும். அம்மா மடிச்சுட்டு வருவாங்க. கிட்ட வருவாங்க." கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். "அங்க யாரும் வரல. பலகைதான் வருது."

முதலாளியம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். இத்தனை வருடம் கீழே நின்று கேட்டவன் நான். மடிப்பதற்காக அவள் அம்மாவிடம் போகிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

"சரி. அங்க வேற ஏதாவது பிடிச்சிருக்கா, இல்ல வேண்டவே வேண்டாமா?"

"வேன்," என்றாள்.

"வேனா?"

"வேன் அண்ணா கூட. வீடு வீடாப் போய் துணி குடுக்கறது. பெல் அடிக்கறது."

முதலாளியம்மாவின் முகம் மாறியது. நல்ல மனுஷி, ஆனால் கடை நடத்துகிறவர். "அம்மாடி, அதுல பேரு படிக்கணும். துணி மாத்திக் குடுத்துட்டா என் பேருதானே கெட்டுப் போகும்?"

"மாறினா திரும்பப் போவேன்," என்றாள் மகள்.

"எதிர்ல இருக்கவங்க கோவப்பட்டா?"

"கோவப்படுவாங்க."

டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்த முதலாளியம்மா, "வேன்காரன் ஒத்துக்கணும். அவன் தனியாப் பாடிட்டே போறவன்," என்றார்.

"எனக்கும் பாடுவாரு," என்றாள் மகள்.

அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஆனால் இந்தத் தடவை கேள்வியாகவே கேட்டாள். "கண்ணு, அத்தை கூட ஊருக்கு வர்றியா? ராணி மாதிரி வெச்சுப்பேன்."

மகள் அவளைப் பார்த்தாள். அக்காவின் மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. "லீவுல வரேன் அத்தை," என்றாள்.

கடைசியாக ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "அப்பா என்ன சொல்றீங்க?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. சாலை, லாரிகள், முன்பின் தெரியாத கதவுகள். ஒருத்தியைக் கொடுத்துவிட்டேன், இன்னொருத்தியை வேனில் ஏற்றி அனுப்பச் சொல்கிறீர்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வேன்ல சீட் பெல்ட் இருக்கா?" என்றேன்.

முதலில் சிரித்தது அக்காதான்.

பள்ளி முடிந்ததும் வாரத்தில் சில நாள் என்று ஆரம்பமானது. அக்கா ஊருக்குப் போய்விட்டாள், தினமும் போனில் வந்தாள். வயிற்று வலியைப் பற்றிக் கேட்டாள். எப்போது நின்றது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

முதல் வாரமே மூட்டை மாறியது. பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுகள் ஓட்டல் சமையல்காரருக்கும், சமையல்காரரின் கோட்டுகள் பல் டாக்டருக்கும் போயின. மகள் வேனைத் திருப்பச் சொல்லி, திரும்பப் போய், மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். பல் டாக்டர், "பரவாயில்லம்மா. ஆனா காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாம் பல்லைக் காட்டாம, சாப்பிட என்ன இருக்குன்னு கேக்கறாங்க," என்றாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதன்பிறகு அவளே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கதவு திறந்ததும் மூட்டையின் ஓரத்தைப் பிரித்துக் காட்டி, "இது உங்களுதா?" என்று கேட்பாள். ஆமாம் என்றால்தான் கொடுப்பாள். வேன்காரர் என்னிடம் புலம்பினார்.

"சார், உங்க பொண்ணு கேள்வி கேட்டு முடிச்சு வர்றதுக்குள்ள எனக்கு மத்தியானச் சாப்பாடு சாயங்கால டிபன் ஆயிடுது."

"வேற ஆளைப் போடச் சொல்லட்டுமா?"

"அய்யோ, ஏன் சார்? அவ என் பாட்டைக் கேக்கறா. என் வீட்டுலயே எவனும் கேக்கமாட்டான்."

எல்லா நாளும் இப்படிப் போகவில்லை. ஒரு சனிக்கிழமை ஒரு வீட்டில் சட்டையில் பொத்தான் போயிருந்தது. வீட்டுக்காரர் கத்தியிருக்கிறார். இவள் "அப்புறம்..." என்று ஆரம்பித்து நின்றிருக்கிறாள். "பேசக்கூடத் தெரியாதா? வேற ஆளே கிடைக்கலையா அவங்களுக்கு?" என்று கதவைச் சாத்திவிட்டார். வேன்காரர்தான் சொன்னார். மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை.

"வேணாம்னா விட்டுடலாம்மா," என்றேன். "அத்தைகிட்டப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வா."

தலையை ஆட்டவில்லை. நான் இன்னொன்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"திங்கக்கிழமை சொல்றேன்," என்றாள்.

ஞாயிறு முழுவதும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய வேலையாக இருந்தது.

திங்கள் காலை மாடியில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா போனபிறகு அவள் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவள் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றாள்.

"உனக்குத்தான் மடிக்கப் பிடிக்காதே," என்றேன்.

"அப்பா கூட மடிச்சதில்லையே," என்றாள். "பாக்கறேன்."

கையில் கிளிப்புகள் இருந்தன. வைக்க இடமில்லாமல் உதட்டில் கவ்விக்கொண்டேன். மரக் கிளிப்பில் வெயில் சுவை இருந்தது. உதறினோம். நான் எதிர்ப்பக்கம் மடித்துவிட்டேன், விரிப்பு முறுக்கிக்கொண்டது. அவள் பொறுமையாகப் பிரித்து, மறுபடி என் கையைத் திருப்பி வைத்தாள். பிறகு நான் முனைகளைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கி நடந்தேன். கிட்டே போனதும் என்ன செய்வது என்று தெரியவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்தேன்.

"அது அம்மாவோடது," என்றாள்.

நின்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு தன் கையிலிருந்த முனைகளை என் முன்னால் நீட்டி, வீட்டு வாசலில் நிற்கிறவள் குரலில் கேட்டாள்: "சார், இது உங்களுதா?"

வாயில் கிளிப்போடு தலையை ஆட்டினேன். சிரித்தாள். என் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அப்புறம்..." என்றாள்.

நான் சொல்ல நினைத்த எதையும் சொல்ல முடியாத நிலையில் இருந்தேன். கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவைத் திறந்தார்கள். விரிப்பின் நடுவில் காற்று புகுந்து தூக்கியது. இருவரும் இழுத்துப் பிடித்தோம்.

"அந்தப் பொத்தான் வீட்டுக்கு இன்னிக்கு நான் போகல. வேன் அண்ணா போகட்டும். மத்த வீடெல்லாம் நான் போறேன். அடுத்த வாரம் அந்த வீட்டையும் பாக்கலாம். ஆனா அன்னிக்கு வேன் அண்ணா கேட் பக்கத்துல நிக்கணும். அதை அவர்கிட்ட நானே சொல்லிப்பேன். நீங்க போன் பண்ணக் கூடாது."

தலையை ஆட்டினேன். போன் பண்ணத்தான் நினைத்திருந்தேன்.

தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது. அதற்கு முன்னாலேயே வேன்காரரின் பாட்டு கேட்டுவிட்டது. அவள் நடந்து வந்து தன் பக்கத்து முனைகளை என் கையில் வைத்துவிட்டு, பாதி மடிந்த விரிப்போடு என்னை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

மீதி மடிப்புகளை, துணியைத் தாடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே ஆளாகப் போட்டேன். என் மனைவி பார்த்திருந்தால் சுற்றிவந்து ஏதாவது சொல்லியிருப்பாள். விளிம்புகள் சேரவில்லை. ஆனாலும் அன்று அலமாரிக் கதவைத் திறந்தபடியே விட முடிந்தது. எதுவும் கீழே விழவில்லை.